நீங்க சிவப்புல இருக்கீங்க பெரியம்மா

எங்கள் வீட்டில் இட்லி மாவு புளித்துவிட்டது என்று மூக்கை வைத்துக் கண்டுபிடிக்க எனக்கு உரிமை கிடையாது. அதை எக்செல்தான் சொல்ல வேண்டும். நான் வேலை பார்க்கும் மெடிக்கல் ஷாப்பில் மத்தியானக் கூட்டம் முண்டியடித்துக்கொண்டு நிற்கும் நேரமாகப் பார்த்து போன் அடிக்கும். யாருக்கு என்ன ஆயிற்றோ என்று பதறி எடுத்தால், என் வீட்டுக்காரர்.

“ஏளா, மாவு மஞ்சளாயிட்டு. நாளைக்குச் சிவப்பாயிரும். இன்னிக்கே தோசை ஊத்தி முடிச்சிரு.”

கையில் இருமல் மருந்தை வைத்துக்கொண்டு நான் என்ன பேச முடியும்? “சரிங்க” என்று வைத்துவிடுவேன். வைத்த பிறகு வாய்க்குள் சொல்வதை இங்கே எழுத முடியாது. எனக்குப் பொறுமை கம்மி. அதை நானே முதலில் சொல்லிவிடுகிறேன்.

இவருக்கு வேலை, துறைமுகத்துக்குப் போகும் ரோட்டில் ஒரு ஏற்றுமதி ஆபீஸில். கண்டெய்னர்களைக் கப்பலுக்கு அனுப்புகிற ஆபீஸ். ஒவ்வொரு கப்பலுக்கும் ஒரு கெடு உண்டு. அதற்குள் பெட்டி துறைமுகத்துக்குள் போய்விட வேண்டும், இல்லாவிட்டால் கப்பல் டாட்டா காட்டிவிட்டுப் போய்விடும். அதனால் இவர் கம்ப்யூட்டரில் ஒரு ஷீட் வைத்திருக்கிறார். கெடு நெருங்கினால் அந்தப் பெட்டியின் வரி மஞ்சளாகும். ரொம்ப நெருங்கினால் சிவப்பாகும். உள்ளே போய்விட்டால் பச்சை. இதற்குப் பெயர் கண்டிஷனல் ஃபார்மேட்டிங். இந்தப் பெயரை இவர் சொல்லும்போது குரலில் ஒரு குழைவு வரும் பாருங்கள், கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் என் பெயரை ஒரு தடவைகூட அப்படிச் சொன்னதில்லை.

அது ஒன்றும் மந்திரமில்லை. ‘இப்படி இருந்தால் இந்த நிறம்’ என்று கட்டத்துக்கு ஒரு விதி எழுதி வைத்துவிட்டால் போதும், அப்படி ஆனவுடன் கட்டம் தானாக நிறம் மாறிக்கொள்ளும். ஆபீஸோடு விட்டிருந்தால் நானும் கையெடுத்துக் கும்பிட்டிருப்பேன். இவர் அதை வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டார். கேஸ் சிலிண்டருக்கு ஒரு ஷீட். தண்ணீர் கேனுக்கு ஒரு ஷீட். தலையணை உறை எப்போது துவைத்தது என்பதற்கு ஒரு ஷீட். ஒருநாள் என் தலையணை உறை சிவப்பாகிவிட்டது என்று மாமனார் முன்னால் சொன்னார். அன்றைக்குத்தான் நான் முதல்முதலாக லேப்டாப்பைத் தூக்கிக் கிணற்றில் போடலாமா என்று யோசித்தேன். அப்பார்ட்மெண்டில் கிணறு இல்லை.

இப்படி இருக்கும்போதுதான் இவருடைய தங்கைக்கு, அதாவது என் நாத்தனாருக்கு, கல்யாணம் நிச்சயமானது. மாப்பிள்ளை வீடு திருச்செந்தூர். இரண்டு பேருக்கும் பிடித்துப்போய், ஜாதகமும் பொருந்தி, மண்டபமும் கிடைத்துவிட்டது. அதெல்லாம் சுலபம். எங்கள் பக்கத்தில் கல்யாணம் நடத்துவது கஷ்டமே இல்லை. கல்யாணத்துக்கு அழைப்பதுதான் கஷ்டம்.

நேரில் போகவேண்டும். புருஷனும் பெண்டாட்டியுமாகப் போகவேண்டும். தாம்பாளத்தில் வெற்றிலை, பாக்கு, பழம், குங்குமம் வைத்து, பத்திரிகையை அதன்மேல் வைத்து, அந்த வீட்டில் இருக்கிற ஒவ்வொருவர் பெயரையும் சொல்லி, ‘எல்லாரும் முந்தின நாளே வந்துரணும்’ என்று சொல்லவேண்டும். பிறகு அவர்கள் தருகிற காபியைக் குடிக்கவேண்டும். குடிக்காவிட்டால் அது தனிக் குற்றம். வாட்ஸ்அப்பில் பத்திரிகை அனுப்பிப் பாருங்களேன். “வாட்ஸ்அப்ல கூப்பிட்டீங்க, நாங்களும் வாட்ஸ்அப்லயே சாப்பிட்டுக்கிட்டோம்” என்று பத்து வருஷம் கழித்தும் சொல்வார்கள்.

இதை நான் விளையாட்டாகச் சொல்லவில்லை. எங்கள் கல்யாணத்தில் நடந்ததுதான் இது. என் மாமியாரை நான் அத்தை என்றுதான் கூப்பிடுவேன். அத்தைக்குக் கூடப்பிறந்தவர் ஒரே ஒரு அண்ணன். சாத்தான்குளத்தில் பலசரக்குக் கடை வைத்திருக்கிறார். தாய்மாமன் என்றால் எங்கள் பக்கத்தில் எவ்வளவு பெரிய ஆள் என்று சொல்லவேண்டியதில்லை. அவர் கையால் மாலை போட்டு மணவறைக்கு அழைத்து வந்தால்தான் கல்யாணம். அப்பேர்ப்பட்ட மனிதருக்கு, எங்கள் கல்யாணத்தின்போது, மாமனார் வேலைப் பளுவில் பத்திரிகையைக் கூரியரில் அனுப்பிவிட்டார். கூரியர் போய்ச் சேர்ந்தது. மாமா வந்து சேரவில்லை. தூரத்துச் சொந்தத்தில் ஒருவரைப் பிடித்து நிறுத்தி மாலையைப் போட வைத்தார்கள். அதற்குப் பிறகு அண்ணனும் தங்கையும் பேசிக்கொள்ளவில்லை. அத்தை என் கல்யாண ஆல்பத்தை இன்றுவரை திறந்து பார்த்ததில்லை.

அதனால் இந்தத் தடவை அத்தை ஒரே ஒரு ஆசையைத்தான் சொன்னார்கள்.

“நகை போடுங்க, போடாம இருங்க. பிரியாணி போடுங்க, சாம்பார் ஊத்துங்க. எனக்கு எங்க அண்ணன் வந்து பந்தல்ல நிக்கணும். அவ்வளவுதான். எங்கூடப் பேசாட்டியும் பரவாயில்ல.”

சொல்லும்போதே கண் கலங்கிவிட்டது. பிறகு மாமனாரைப் பார்த்து, “கூரியர்ல அனுப்புனது நீங்க. அதனால ஆம்பளைங்க ரெண்டு பேர்ல யாராவது மொதல்ல போயி, நாலு நல்ல வார்த்தை பேசி, முறையாக் கூப்பிட்டுட்டு வாங்க. பொறவு நான் பேசிக்கிடுதேன்” என்றார்கள். மாமனார் பேப்பரை முகத்துக்கு நேரே உயர்த்திக்கொண்டார். அவருக்கு மச்சானின் பேச்சை எடுத்தாலே பேப்பரில் முக்கியச் செய்தி வந்துவிடும்.

என் வீட்டுக்காரர் எழுந்து நின்றார். “யாரும் கவலைப்படாதீங்க. ஷீட் போட்டிரலாம்.”

போட்டார். அத்தை சொல்லச்சொல்ல ஒவ்வொரு குடும்பமாக அடித்தார். தெருத்தெருவாக வரிசைப்படுத்தினார். மரியாதைக்கு முதல் வரியில் சாத்தான்குளத்து மாமா. கடைசிக் கட்டத்துக்குத் தலைப்பு, ‘நேரில் அழைத்தாச்சா?’ யார் போய் அழைத்தாலும் அந்த வீட்டுக்கு நேரே ‘ஆச்சு’ என்று அடிக்கவேண்டும். அடித்தால் வரி பச்சையாகும். அடிக்காவிட்டால் சிவப்பு. எல்லார் போனிலும் ஷீட்டைப் போட்டுக் கொடுத்து, மாமனாருக்கு அரைநாள் பயிற்சியும் நடந்தது. மாமனாரின் போனில் எழுத்தைப் பெரிதாக்கி வைத்திருப்பதால் ஒரு நேரத்தில் ஒரு கட்டம்தான் தெரியும். அதில் ‘ஆச்சு’ என்று ஒற்றை விரலால் அடித்துவிட்டு நிமிர்ந்தார். ராக்கெட் விட்டவருக்குக்கூட அவ்வளவு பெருமிதம் இருந்திருக்காது.

“பச்சைன்னா போயாச்சு, சிவப்புன்னா போகணும். இனிமே யாரும் எதையும் ஞாபகம் வச்சுக்கிட வேண்டாம்” என்றார் இவர். நாங்களும் ஞாபகம் வைத்துக்கொள்வதை விட்டுவிட்டோம். கேட்கவா வேண்டும்?

முதல் வாரம் மாமனாரும் அத்தையும் ஒரு பக்கம், நாங்கள் இரண்டு பேரும் ஒரு பக்கம் என்று பிரித்துக்கொண்டு அழைத்தோம். ஞாயிற்றுக்கிழமை காலையில் இவர் ஆபீஸ் பிரிண்டரில் எடுத்த கலர் பிரிண்டைக் கொண்டுவந்து சாப்பாட்டு மேசையில் விரித்தார். பெயரும் ஊரும் நிறமும் மட்டும். ‘ஆச்சு’ கட்டத்தை மறைத்துவிட்டாராம், பார்க்க அசிங்கமாக இருக்கிறதாம். பாதி பச்சை, பாதி சிவப்பு. அத்தையின் விரல் நேராக முதல் வரிக்குப் போனது.

பச்சை.

“அண்ணன் வீட்டுக்குப் போயாச்சா!” என்று கூவிவிட்டார்கள்.

மாமனார் பேப்பருக்கு மேலாக எட்டிப் பார்த்தார். மகன் போய்விட்டு வந்துவிட்டான்போல என்று அவருக்கு நிம்மதி. “அதான் பச்சையா இருக்குல்லா” என்றார். இவரும் குனிந்து பார்த்தார். அப்பா போய்விட்டு வந்துவிட்டார்போல என்று இவருக்கு நிம்மதி. “ஆமாம்மா, பச்சைதான்” என்றார். அடுத்த கேள்வியை யாரும் கேட்கவில்லை. கேட்டால் பழைய கூரியர் கதை கிளம்பும், நாள் முழுக்க ஓடும். அத்தைக்கும் அது தெரியும். புடவைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, எழுந்து போய், அன்றைக்கு யாரும் கேட்காமலே கேசரி கிண்டினார்கள். நானும் இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டேன்.

அன்று சாயங்காலமே அத்தை ஏற்பாடுகளில் இறங்கிவிட்டார்கள். மண்டபத்தில் ஏசி உள்ள அறை அண்ணனுக்கு. அண்ணனுக்குச் சர்க்கரை உண்டு, அதனால் பாயசம் தனியாக. அண்ணன் மாத்திரை மறந்து வந்தால் என்ன செய்வது, “ஏளா, உங்க கடைல ஒரு அட்டை எடுத்து வச்சிரு.” என்ன மாத்திரை என்று கேட்டேன். “அதெல்லாம் எனக்கெப்படித் தெரியும், நீதான மெடிக்கல்ல இருக்க” என்றார்கள்.

அடுத்த வாரம் மிச்சமிருந்த சிவப்பு வீடுகளை முடிப்பதற்கு இவரும் நானும் ஸ்கூட்டரில் கிளம்பினோம். அங்கேதான் வினை ஆரம்பித்தது. பிரையண்ட் நகரில் இவருக்குப் பெரியம்மா முறையில் ஓர் அம்மாள் இருக்கிறார்கள். தெருவில் முதல் வீடு. தாம்பாளத்தோடு உள்ளே போனால், அந்த அம்மாள் எங்களை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, “என்னல, உங்கப்பாவும் அம்மாவும் போன வாரமே வந்துட்டுப் போயிட்டாவளே” என்றார்கள்.

நியாயமாக என்ன செய்திருக்க வேண்டும்? சிரித்துவிட்டு, தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டு வந்திருக்க வேண்டும். இவர் பையிலிருந்து பிரிண்டை எடுத்து விரித்தார்.

“இல்ல பெரியம்மா. நீங்க சிவப்புல இருக்கீங்க.”

“நானா? பச்சைச் சீலைல்லா உடுத்திருக்கேன்.”

“அதில்ல. அப்பா வரலன்னு காட்டுது.”

“வந்தாவல. அந்தா டிவி மேல பத்திரிகை இருக்கு பாரு. உங்கம்மா ரெண்டு முறுக்குத் தின்னா.”

“அது நிச்சயத்துக்குக் கூப்பிட வந்திருப்பாங்க. நீங்க மறந்திருப்பீங்க.”

எனக்குப் பூமி பிளந்து என்னை மட்டும் உள்ளே இழுத்துக்கொள்ளாதா என்றிருந்தது. டிவி மேல் எங்கள் பத்திரிகை பளபளவென்று நிற்கிறது, அதன் ஓரத்தில் அத்தை கையால் வைத்த மஞ்சள்கூட இருக்கிறது, இந்த மனிதர் அதன் முன்னால் நின்றுகொண்டு அந்த அம்மாள் அழைக்கப்படவில்லை என்று சாதிக்கிறார். முழங்கையால் ஒரு இடி இடித்தேன். இவர் நகர்ந்து நின்றுகொண்டார், அவ்வளவுதான். கடைசியில் அந்த அம்மாள் பாவம், இரண்டாவது பத்திரிகையையும் வாங்கிக்கொண்டு, மறுபடி முறுக்குத் தட்டை நீட்டினார்கள். தின்றோம்.

வெளியே வந்ததும், “அத்தை போயிருக்காங்கங்க. ஷீட்டுல ஏதோ தப்பு” என்றேன்.

“ஷீட் தப்பு பண்ணாதுளா. மனுசங்கதான் தப்பு பண்ணுவாங்க” என்று ஸ்கூட்டரை உதைத்தார்.

அடுத்த தெருவிலும் முதல் வீடு சிவப்பு. அங்கேயும் அதே கதை. பழைய துறைமுகத்துப் பக்கம் ஹார்டுவேர் கடை வைத்திருக்கும் அண்ணாச்சி, சண்டை போடாமல் புதுப் பத்திரிகையை வாங்கி, பழையதையும் எடுத்து, இரண்டையும் ட்யூப்லைட் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து வரிவரியாக ஒப்பிட்டுப் பார்த்தார். “வித்தியாசம் ஒண்ணும் தெரியலையே” என்று முணுமுணுத்தார். எங்களைப் பார்த்த பார்வையில் ஒரு இரக்கம் இருந்தது.

காயல்பட்டினத்தில் மாமனாரின் பழைய நண்பர் ஒருவர், துபாயிலிருந்து ஊரோடு வந்துவிட்டவர். அங்கே அண்ணனைக் காக்கா என்பார்கள், இவரும் அப்படித்தான் அவரைக் கூப்பிடுவார். அந்தக் காக்கா மட்டும் மனம் குளிர்ந்துபோனார். “ரெண்டு தரம் வீடு தேடி வந்து கூப்பிட்டிருக்கீங்க. நாங்க ரெண்டு பேர் வாரதாத்தான் இருந்தோம். இப்ப மொத்தக் குடும்பமும் வரலன்னா மரியாதை இல்ல” என்று, உள்ளே பார்த்து ஒவ்வொரு பெயராகக் கூப்பிட ஆரம்பித்தார். வந்து நின்றார்கள், வந்து நின்றார்கள், வந்துகொண்டே இருந்தார்கள். நான் மனசுக்குள் சமையல்காரரிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டேன்.

மற்றவர்கள் அப்படி எடுத்துக்கொள்ளவில்லை. ஒரு கல்யாணத்துக்கு எதற்காக இரண்டு தடவை அழைப்பார்கள்? ஏதோ மாறியிருக்கிறது என்றுதானே அர்த்தம்? ஹார்டுவேர் கடையில் அது ‘முகூர்த்த நேரம் மாறிட்டாம்’ என்று கிளம்பியிருக்கிறது. மார்க்கெட் போவதற்குள் ‘மண்டபம் மாறிட்டாம்’ ஆகிவிட்டது. பிரையண்ட் நகருக்குத் திரும்பி வரும்போது ‘மாப்பிள்ளையே மாறிட்டானாம்லா, அதான் திரும்ப முதல்லேருந்து கூப்பிடுதாவ’ என்று முழுசாக வளர்ந்திருந்தது. என் மெடிக்கலுக்கு ஓ.ஆர்.எஸ் வாங்க வந்த ஒரு பெண், என் கையைப் பிடித்துக்கொண்டு, “எல்லாம் நல்லதுக்குத்தான்க்கா” என்று சொல்லிவிட்டுப் போனாள்.

பந்தக்கால் நடுகிற அன்று காலையில் திருச்செந்தூரிலிருந்து மாப்பிள்ளையே நாத்தனாருக்குப் போன் செய்தார். அவள் ஸ்பீக்கரில் போட்டாள்.

“நான் மாறிட்டேனாமே. புது ஆளு யாருன்னு தெரிஞ்சுக்கிடலாமா?”

“உங்களவிட நல்ல ஆளா இருந்தா எனக்கும் சொல்லுங்க” என்றாள் இவள். இரண்டு பேரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். நல்ல ஜோடிதான் என்று அப்போது நினைத்துக்கொண்டேன்.

அத்தைக்குச் சிரிப்பு வரவில்லை. “எங்க அண்ணன் வந்து நின்னாருன்னா இந்தப் பேச்செல்லாம் அடங்கிரும்” என்றார்கள். எது நடந்தாலும் அந்த வாரம் முழுக்க இதுதான் மருந்து. பூக்காரர் வராவிட்டாலும் அண்ணன் வந்தால் சரியாகிவிடும்.

எனக்கு வந்ததே கோபம். “இன்னிக்கு உங்க சிவப்பு பச்சைக்கு ஒரு முடிவு கட்டுதேன்” என்று லேப்டாப்பை இவர் மடியிலிருந்து பிடுங்கினேன். மறைத்து வைத்திருந்த ‘ஆச்சு’ கட்டத்தை வெளியே கொண்டுவரச் சொன்னேன். பிரையண்ட் நகர்ப் பெரியம்மாவுக்கு நேரே ‘ஆச்சு’ இருந்தது. மாமனார் ஒற்றை விரலால் அடித்த அதே ‘ஆச்சு’. ஆனால் வரி சிவப்பு.

“இது என்னது?”

“அதான் எனக்கும் புரியல” என்றார், குரல் இறங்கிவிட்டது.

அந்த ‘ஆச்சு’வை அழித்தேன். பெரியம்மா சிவப்பாகவே இருந்தார்கள், அவர்களுக்குக் கீழ் வரியிலிருந்த வீட்டுக்காரர் பச்சையிலிருந்து சிவப்பானார். திரும்ப அடித்தேன். கீழ் வீட்டுக்காரர் பச்சையானார். மறுபடி அழித்தேன், மறுபடி அடித்தேன். கீழ் வீட்டுக்காரர் கல்யாண வீட்டு சீரியல் செட் மாதிரி மாறிமாறி எரிந்தார்.

இவர் விதியைத் திறந்து பார்த்துவிட்டுத் தலையில் கை வைத்தார். பெயர்கள் தொடங்குவது இரண்டாம் வரியில். எக்செல் கணக்கில் முதல் வரி தலைப்பு. ஆனால் விதியை எழுதும்போது இரண்டு என்று போடவேண்டிய இடத்தில் ஒன்று என்று போட்டிருக்கிறார். அவ்வளவுதான் விஷயம். ஒவ்வொரு வீடும் தன்னைப் பார்க்காமல், மேல் வீட்டைப் பார்த்து நிறம் மாறியிருக்கிறது. மேல் வீட்டுக்குப் போயிருந்தால் இது பச்சை. மேல் வீட்டுக்குப் போகாவிட்டால் இது சிவப்பு. ஒரு தெரு முழுக்கப் போய்வந்தால் நடுவில் எல்லாம் சரியாகவே தெரியும். முந்தின தெருவுக்குப் போகாமல் விட்டிருந்தால், இந்தத் தெருவின் முதல் வீடுதான் மாட்டிக்கொள்ளும்.

“இதுக்குத்தான் அந்தப் பெரியம்மாகிட்ட அவ்வளவு சாதிச்சீங்களா?” என்று ஆரம்பித்தேன். நான் வாயைத் திறந்தால் லேசில் மூடமாட்டேன். ஆனால் பாதியில் நின்றுவிட்டது. ஏதோ தோன்றி, ஷீட்டை மேலே தள்ளினேன்.

“ஏங்க. மேல் வீட்டைப் பாத்துத்தான ஒவ்வொண்ணும் நிறம் மாறுது?”

“ஆமா.”

“அப்ப மொதப் பேரா இருக்கிற மாமாவுக்கு மேல யாரு?”

“யாரும் இல்ல. தலைப்புதான் இருக்கு.”

“தலைப்புக் கட்டத்துல என்ன இருக்கு?”

“‘நேரில் அழைத்தாச்சா’ன்னு...” என்று இழுத்தார். கட்டம் காலியாக இல்லை. ‘ஆச்சு’தான் இருக்கவேண்டும் என்று இவர் விதி எழுதவில்லை, ஏதாவது எழுதியிருந்தால் பச்சை. ஒரு ஆளும் எங்கேயும் போகுமுன்னாலேயே, ஷீட் போட்ட அந்த நிமிஷத்திலிருந்தே, மாமா பச்சைதான். அவருக்கு நேரே இருந்த கட்டத்தில் ஒரு எழுத்துகூட இல்லை.

“நீங்க போகலையா?” என்றேன்.

“அப்பா போனாரே.”

மாமனார் பேப்பரை மடித்துக் கீழே வைத்தார். நான் அவரை அப்படிப் பார்த்ததே இல்லை. “நீ போனேன்னுல்லா நெனச்சேன்” என்றார்.

பின்னால் ஏதோ கீழே விழுகிற சத்தம் கேட்டது. பந்தக்காலுக்கு மஞ்சள் அரைத்துக்கொண்டு வந்த அத்தை, கிண்ணத்தை நழுவவிட்டுவிட்டு நின்றார்கள். தரையெல்லாம் மஞ்சள். திட்டுவார்கள், அழுவார்கள் என்று பார்த்தேன். நேராகப் பூஜை அறைக்குப் போய், தாம்பாளத்தை எடுத்து, வெற்றிலை பாக்கு வைத்து, பத்திரிகையை வைத்து, அப்படியே செருப்பைப் போட்டுக்கொண்டு படியிறங்கிவிட்டார்கள். மூன்று பேரும் பின்னாலேயே ஓடினோம்.

கார் கிளம்பியது. இவர் ஓட்ட, மாமனார் முன்னால் உட்கார, நானும் அத்தையும் பின்னால். அத்தை மடியில் தாம்பாளம். உப்பளத்தையும் தாண்டிவிட்டோம். பிறகு இவர் தொண்டையைச் செருமிக்கொண்டு, “நான் மாமாகிட்ட விளக்கமாச் சொல்லிருதேம்மா. இது ரெலட்டிவ் ரெஃபரன்ஸ்ல வந்த...” என்று தொடங்கினார்.

“வாய மூடிட்டு ரோட்டப் பாத்து ஓட்டுல” என்றார்கள் அத்தை. நாசரேத் தாண்டியதும், தனக்குத்தானே பேசுவதுபோல, “இந்தத் தடவையும் கூப்பிடலன்னு ஊர்ல எல்லாரும் அவரப் பாத்துச் சிரிச்சிருப்பாங்கல்லா” என்றார்கள். மாமனார் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

சாத்தான்குளம் கடைத்தெருவில் கார் நின்றபோது நல்ல கூட்டம். மாமா கல்லாவில் உட்கார்ந்திருந்தார். தலை முழுக்க நரை. எங்கள் வீட்டு ஆல்பத்தில் இல்லாத அந்த முகத்தை நான் அன்றைக்குத்தான் முதல்முதலாகப் பார்க்கிறேன். அத்தை தாம்பாளத்தை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு கடைப்படி ஏறினார்கள். உளுந்து வாங்கிக்கொண்டு நின்ற ஒருவர் திரும்பிப் பார்த்து, “என்ன அண்ணாச்சி, தங்கச்சி வீட்டுல மறுபடியும் வந்திருக்காவ?” என்றார்.

மறுபடியுமா? எனக்கு ஒன்றும் புரியவில்லை.

மாமா நிமிர்ந்து பார்த்தார். முகம் வெளிறிப்போய்விட்டது. கல்லாவிலிருந்து துள்ளி எழுந்து, தோளில் கிடந்த துண்டை எடுத்து, பொத்தென்று தாம்பாளத்தின் மேல் போட்டு மூடினார். “உள்ள வா. உள்ள வா. எல்லாரும் உள்ள வாங்க” என்று எங்களைக் கோழி விரட்டுவதுபோலக் கடைக்குப் பின்னாலிருந்த குடோனுக்குள் தள்ளி, கதவைச் சாத்தினார். உள்ளே அரிசி மூட்டையும் பருப்பு மூட்டையும் மிளகாய் வற்றல் நெடியும்தான். மாமனார் தும்ம ஆரம்பித்தார்.

“அறிவிருக்கா ஒனக்கு?” மாமா அத்தையைப் பார்த்து அடிக்குரலில் கத்தினார். “பட்டப்பகல்ல, கடைத்தெருவுல, தாம்பாளத்தத் தூக்கிட்டு வார!”

“அண்ணே, கூப்பிடாம விட்டுப் போச்சுண்ணே...”

“மெதுவாப் பேசுளா!”

“மாமா, நடந்தது என்னன்னா” என்று இவர் முன்னால் வந்தார். யார் தடுத்தாலும் நிற்கமாட்டார். “நீங்க மொத வரில இருந்தீங்க. தலைப்புக் கட்டம் காலியா இல்லாததால, நீங்க தானா பச்சையாயிட்டீங்க.”

“இவன் என்ன சொல்லுதான்?” என்று மாமா என்னைக் கேட்டார்.

“தெரியலை மாமா” என்றேன். வேறு என்ன சொல்ல?

மாமனார் தும்மலுக்கு நடுவே, “தப்பு என்னோடது மச்சான்” என்றார். அந்த மனிதர் வாயிலிருந்து அப்படி ஒரு வாக்கியம் வந்து நான் கேட்டதில்லை. மாமா ஒரு பருப்பு மூட்டையைக் காலால் நகர்த்தி, “மொதல்ல உக்காருங்க மாப்ள” என்றார். பிறகு கதவிடுக்கில் கடையை எட்டிப் பார்த்துவிட்டு வந்து, அத்தையின் முன்னால் நின்றார்.

“மொத ஆளா எங்க வீட்டுக்குத்தான் வந்து கூப்பிட்டீங்கன்னு ஊரு பூரா சொல்லி வச்சிருக்கேன். புருசனும் பெஞ்சாதியுமா வந்து, முறையா, தாம்பாளம் வச்சுக் கூப்பிட்டாவன்னு. பெரிய தாம்பாளம்னு வேற சொல்லிட்டேன். இப்ப நீ இதத் தூக்கிட்டு வந்து நின்னா, அவனுவ என்ன நெனப்பானுவ?”

மாமாவின் பார்வை போன பக்கம் நானும் பார்த்தேன். ஆணியில் ஒரு துணிக்கடைப் பை தொங்கியது. அதன் வாயில் புது வேட்டியின் கரையும், ஒரு பட்டுப் புடவையின் ஓரமும் தெரிந்தன.

“யாரும் வந்து கூப்பிடலியேண்ணே. நான் இப்ப வராட்டி என்ன செஞ்சிருப்ப?” என்றார்கள் அத்தை.

“என்ன செஞ்சிருப்பேன்? நீ கூப்பிட்டன்னு சொல்லிக்கிட்டே வந்திருப்பேன்” என்றார் மாமா.

அத்தை அரிசி மூட்டையில் சாய்ந்துகொண்டு ஓவென்று அழுதார்கள். மாமா துண்டைத் தாம்பாளத்திலிருந்து எடுத்து அவர்கள் கையில் திணித்து, “சத்தம் போடாதளா, வெளிய ஆளு நிக்கி” என்றார். அவரும்தான் அழுதுகொண்டிருந்தார்.